பஞ்சு அக்காவோடு வந்தவர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வேலைக்கு மட்டம் போட்டவர்கள் சொல்லும் காரணங்களை நம்புகிற அளவுக்குக்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, இவளுக்கும் மறை கழன்றுவிட்டது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

பஞ்சு அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். குரல் அப்படி. ஓர் ஆஸ்பத்திரியின் விசாரணை ஜன்னலில் பல வருடம் உட்கார்ந்து, அழுகிறவர்களுக்கும் கத்துகிறவர்களுக்கும் ஒரே குரலில் வழி சொல்லிப் பழகியவர். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் ஆய்வுக்கு ஆள் எடுத்த அன்று, படிப்பு முடித்த இளசுகளுக்கு நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆய்வு என்று நான் விளக்கினேன். மனிதர்களின் காம வாழ்க்கை, இளமையிலிருந்து தள்ளாத வயது வரை, பல நாடுகளில் ஒரே கேள்விகள். இளசுகளில் பாதிப் பேர் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பஞ்சு அக்கா மட்டும், கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்.

சொல்லித் தந்தோம். நாங்கள் சொல்லித் தந்ததைவிட நன்றாகவே கேட்டார். எங்களுடையது துறைமுக ஊர். பல தேசத்து ஜனங்கள் வந்து தங்கிவிட்ட இடம். இந்த வேலையில் எனக்கு ஒன்று புரிந்தது. வெட்கமே இல்லாத ஜனம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, வெட்கப்படும் இடம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு தேசத்துக்காரர் ஆசை இருக்கிறது என்று சொல்ல நெளிவார். இன்னொரு தேசத்துக்காரர் ஆசை இல்லை என்று சொல்லத் தலைகுனிவார். இருபத்தைந்து வயதுக்காரன் எல்லாம் தெரிந்த மாதிரி அளந்து விடுவான். எழுபது வயதுக்காரி, இத்தனை காலம் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லையே என்று சண்டைக்கு வருவாள். அத்தனை பேரும் பஞ்சு அக்காவிடம் மனசு விட்டுப் பேசினார்கள். கட்டியவரிடம் சொல்லாததை எல்லாம் கொட்டினார்கள்.

எங்களுக்கு விதி ஒன்று உண்டு. பேட்டி நடக்கும் அறையில் மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது. கணவனோ மனைவியோ பிள்ளையோ, யார் இருந்தாலும் பேசுகிறவர் பொய்தான் சொல்வார். பேட்டி எடுப்பவர் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை போய்விடும், அவர் எடுத்த பேட்டி மொத்தமும் குப்பைக்குப் போகும். இதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதுதான் என் வேலை. பேட்டி நடந்த வீடுகளில் சிலவற்றுக்கு மறுபடி போய், ஆள் வந்தாரா, என்ன கேட்டார், மரியாதையாக நடந்துகொண்டாரா என்று விசாரிப்பேன்.

அப்படித்தான் கிரேன்காரர் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஜன்னலோரம் ஒரு கட்டில், அதன் மேல் மடிப்புக் கலையாத இரண்டு தலையணைகள். மனைவி போய் வெகுகாலம் ஆகியும் இரண்டுக்கும் உறை மாற்றுகிறார் போலிருக்கிறது. பேட்டி எடுத்தவங்க எப்படி என்று கேட்டேன். இரண்டு பேருமே தங்கமானவர்கள் என்றார்.

எந்த இரண்டு பேர் என்றேன். அந்தம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் என்றார். ஒல்லியான மனிதர், கோடுபோட்ட சட்டை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவோரம் நின்று, ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வயதில் அக்காவுக்கு ஒரு துணை வேண்டும் என்றால் அது அவர் பாடு, ஆனால் ஆபீஸ் நேரத்தில் கூட்டிக்கொண்டு அலைவதா? கையோடு இன்னும் இரண்டு வீடு போனேன். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண், முப்பதைத் தாண்டாதவள், அதே ஆளைச் சொன்னாள். நல்ல மனிதர், என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை, அவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள். அடுத்தது வேறு தேசத்திலிருந்து வந்து ரொட்டிக் கடையில் வேலை செய்பவள். எங்கள் மொழி அவளுக்கு அரைகுறை. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டதற்கு இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு கதவோரச் சுவரைக் காட்டி, ஒரு கையால் மறு கையைத் துடைத்துக் காட்டினாள். அவளுக்குக் கிரேன்காரரைத் தெரியாது, தையல்காரியையும் தெரியாது. 

மறுநாள் பஞ்சு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவதாக இருந்தேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர் ஏற்கெனவே அக்காவின் பேட்டிகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். அக்கா தனியாகத்தான் போனேன் என்றார். மூன்று வீட்டிலும் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். சட்டையைச் சொன்னபோது ஒன்றும் இல்லை. கை துடைக்கும் துணியைச் சொன்னதும் அக்காவின் முகம் வெளுத்தது.

"எந்தக் கையில துணி வச்சிருந்தாராம்?"

இடது கையில் என்று தையல்காரி சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இடது கைக்காரர். தேகம் முழுக்க கிரீஸ் வாசனையோடு வருவாராம். அக்காவுடைய பொருள் எதையாவது தொட வேண்டும் என்றால், ஒரு தலையணை உறையைக்கூட, கையைத் துடைத்துத் துடைத்து மாய்ந்துவிட்டுத்தான் தொடுவார். அக்காவைத் தொடுவதும் அப்படித்தான். நெஞ்சுவலியில் அவர் போய்ச் சில வருடம் ஆகிறது.

"எங்களுக்குள்ள அந்தப் பேச்சே கிடையாது மேடம்," என்றார் அக்கா. "விளக்க அணைச்சா அணைச்சதுதான். நல்லா இருந்துச்சான்னு அவரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. என்ன நெனச்சுக்கிட்டுப் போனாரோ தெரியல. ஊரெல்லாம் போய் அடுத்தவங்கள கேக்குறேன், அவர ஒரு வார்த்த கேக்கல."

பயந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பயம் இல்லை. பொறாமை. யார் யாருக்கோ தெரிகிறார், ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியவில்லையே என்று தேம்பித் தேம்பி அழுதார். வேலையை விட்டுத் தூக்க வந்தவள் நான், தண்ணீர் டம்ளரோடு நின்றேன்.

கடைசியில் கிரேன்காரர் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போவது என்று முடிவானது. வயதானவர் கண் மங்கி உளறுகிறார் என்று தெரிந்தால் அக்காவின் வேலை தப்பும். மற்ற இரண்டு வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது என் கணக்கு. அக்காவின் கணக்கு வேறு. அன்றைக்கு அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, பொட்டு ஒன்று வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

கிரேன்காரர் கதவைத் திறந்தார். எங்களை வரவேற்றார். நாங்கள் இருவரும் உள்ளே வந்த பிறகும் கதவை மூடாமல், இன்னொருவர் நுழைய ஆகும் நேரம் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் மூடினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவும் சுவரும்தான்.

இப்போது எங்கே இருக்கிறார் என்று அக்கா கேட்டார். கிழவர் விழித்தார். உங்களுக்குப் பின்னால்தான் என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு சொன்னது இது. அன்று பேட்டியில் அக்கா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, கதவோரம் நின்றவர் முதலில் பதில் சொன்னாராம். தாழ்ந்த குரலில், அக்காவின் பின்னந்தலையைப் பார்த்து. முதன்முதலில் ஆசை என்று தெரிந்தது எப்போது, எதற்கு வெட்கப்பட்டீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள், எல்லாவற்றுக்கும். கட்டிய பெண்டாட்டியிடம் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறாரே, நமக்கென்ன என்றுதான் கிழவரும் பேசினாராம்.

"என்ன சொன்னாரு?" அக்காவின் குரல் பஞ்சாக இல்லை. "ஒவ்வொண்ணா சொல்லுங்க. அவரு என்ன சொன்னாரு?"

கிழவர் வெகுநேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல பேசுறது வெளிய போகாதுன்னு நீங்கதானேம்மா எனக்கு வாக்கு குடுத்தீங்க. அவருக்கும் அதே வாக்குதான். நான் எப்படிச் சொல்ல முடியும்?"

ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலையாக அக்கா கொடுக்கும் வாக்கு அது. அதற்கு மேல் அவரால் கெஞ்சக்கூட முடியவில்லை. எனக்குக் கிழவரை உலுக்கிக் கேட்கலாம் போலிருந்தது. பேய் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த நானே, அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளத் துடித்தேன்.

"அவரு பதில் சொன்னதச் சொல்ல மாட்டேன்," என்றார் கிழவர். "ஒரு கேள்விக்கு அவரு பதிலே சொல்லல. அத வேணும்னா சொல்றேன். உங்கள் துணைக்கு உங்கள் மேல் ஆசை இருந்ததான்னு கேட்டீங்க. வாயத் தொறந்தாரு, மூடிக்கிட்டாரு. அப்புறம் உங்களையே பாத்துக்கிட்டு நின்னாரு. இப்பவும் அப்படித்தான் நிக்கிறாரு."

கிழவர் எழுந்து என் முழங்கையைப் பிடித்து, வாம்மா, நாம் வெளியே நிற்போம் என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனேன். அவர் கதவைச் சாத்தினார். நடையில் மாடிப்படி விளக்கு எரிந்தும் எரியாமலும் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது.

"இருந்துச்சு," என்றார் அக்கா. "மொதல்லருந்தே இருந்துச்சு. நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அமைதி. கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அக்காவின் குரல் ஒன்றுதான், சத்தியமாக.

"ஆமா, நானும் சொல்லியிருக்கலாம்," என்றது அந்தக் குரல்.

மறுபடியும் நீண்ட அமைதி. அதன் பிறகு பஞ்சு அக்கா சிரித்தார். புதிதாகக் கல்யாணமான பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல, ச்சீ போங்க என்று சொல்லிச் சிரித்தார்.