குங்குமம் வைத்த படம்

ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் என் மனைவி கோகிலவாணி. கடை என்று பேர்தான், ஆள் கடையில் இருந்தால்தானே! இந்த மலையிலிருந்து குடகுக் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதைகளையும் படங்களையும் சேர்த்து ஒரு வலைத்தளம் நடத்துகிறாள். இரண்டு வருடமாக ஊர் ஊராக என் வண்டிதான் தேய்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளுடைய அப்பா குடகில்தான் செத்தார், அவருக்கு ஒரு படம்கூட இல்லை.

போன மாதம் பச்சையம்மா என்பவர் வீட்டுக்குப் போய், அவர் கணவர் தீர்த்தகிரியின் படத்தை வாங்கி வந்து சட்டத்தோடு அப்படியே ஸ்கேன் செய்தாள். பதினைந்து வருடத்துக்கு முன்பு குடகு போனவர். படத்தின் கண்ணாடியில் குங்குமப் பொட்டு, மேலே காய்ந்த மாலை. பச்சையம்மா கழுத்திலும் தாலி இல்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு எங்கள் பக்கம் யார் பொட்டு வைப்பார்கள்? இவளும் ஒரு வார்த்தை கேட்காமல், "அமரர் தீர்த்தகிரி" என்று போட்டுவிட்டாள்.

நேற்று மதியம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தீர்த்தகிரி பேசறேன். நான் உயிரோடதாம்மா கீறேன்."

அடக் கடவுளே! எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எம் பொண்ணு அதப் பாத்துட்டு அழுவுது. இங்க எனக்கு வேற குடும்பம் ஆயிட்ச்சு. அந்தப் படத்த எட்த்துடும்மா. பச்சையம்மாவுக்கு மட்டும் சொல்லாத."

அதிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஆதார் நகல் கேட்டவரிடம் ரேஷன் கார்டு நகலை நீட்டினாள்.

"பேசாம எட்த்துட்டுப் போயேன்" என்றேன்.

"சும்மா இருங்க! எட்த்தா அந்தாளுக்கு ஒத்தாச பண்ண மாதிரி. சொன்னா அந்தக்கா மனசு வுட்டுப் போய்டும். நான் இன்னாங்க பண்ணுவேன்?"

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவள் கண் கலங்கியதைப் பார்த்து வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் "திரும்பிடலாமா, திரும்பிடலாமா" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள்.

பச்சையம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி நின்றபடியே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்மா. பத்து வருசமா தெரியும். அங்க வேற பொம்பளையோட கீறான்னு காதுல வுழுந்த அன்னிக்கே தாலிய நான்தான் கழட்டனேன். படத்துக்குப் பொட்டு வெச்சதும் நான்தான்."

"அப்போ படத்த எட்த்துடட்டுமாக்கா?" என்றாள் கோகிலவாணி.

"எதுக்கு எடுக்கணும்? செத்துட்டான்னு போட்டத மட்டும் எடு. குடகுல பொண்டாட்டி புள்ளையோட நல்லா கீறான்னு எழுது" என்றார் பச்சையம்மா. "பொட்டு அப்டியே இருக்கட்டும்."