மத்தியான வெயிலுக்குத் திருப்பிய கோபுரங்கள்

வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு பார்த்து நான் வளரவில்லை. அதுவும் மாரியில் மட்டும் ஆறு என்று பெயர் எடுத்துவிட்டு, பிறகு மாடு மேய இடம் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட நான்தான் கொக்குவில் வீட்டு விறாந்தையில் கணினியை வைத்துக்கொண்டு, கடல் கடந்த ஒரு குளிர் நகரத்தின் பெரிய ஆற்றுக்குக் கரை வரைந்துகொண்டிருந்தேன். அங்குள்ள கட்டடக்கலை அலுவலகம் ஒன்று தந்த வேலை. கரையில் யாரும் வந்து இருக்கக்கூடிய ஒரு முற்றம். அதைச் சுற்றி வானளவு உயர்ந்த ஐந்து குடியிருப்புக் கோபுரங்கள்.

வரையும்போது எனக்குக் கண் திறந்தபடியே கனவு வரும். பின்னேர ரயில் மதிலுக்கு அப்பால் போகும்போது திரையில் ஆறு மெல்ல அசையும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த முற்றத்தில் நடப்பேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? மத்தியானம் முழுவதும் முற்றம் நிழலில் கிடக்கும்படி கோபுரங்களை நிறுத்தினேன். ஆட்கள் உட்காரும் வாங்குகளையெல்லாம் நிழலின் நடுவில் வைத்தேன். என்னை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த நகரத்தில்தான் அண்ணன் தனியே இருக்கிறார். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பல வருடங்களாகக் கேட்கிறார். கோழிக்கூட்டை அடுக்கி வைத்ததுபோன்ற வீடுகளுக்குள் தன்னால் அடைந்து கிடக்க முடியாது என்று அம்மா தட்டிக்கழித்துவிடுவார். அதில் எனக்கு உள்ளூர நிம்மதி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு ஞாயிறு அண்ணன் வீடியோவில் வந்தபோது படத்தைக் காட்டினேன். பக்கத்தில் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உந்த வாங்கிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். இஞ்சை ஆர் நிழல் தேடுகினம்? குளிர் காலத்திலை எங்கடை வேலைத்தலத்துக்குப் பின்னாலை ஒரு மதிலிலை மத்தியானம் கொஞ்சநேரம் வெயில் விழும். சாப்பாட்டை எடுத்துக்கொண்டுபோய் அந்த மதிலோடை ஒட்டிக்கொண்டு நிப்பன்.”

பகிடியாகத்தான் சொன்னார். அம்மாவின் கை நின்றுவிட்டதை நான் கவனித்தேன், ஆனால் என் மனம் அதற்குள் கோபுரங்களுக்குப் போய்விட்டது. அடுத்த நாட்களெல்லாம் அவற்றைத் திருப்புவதும் விலக்குவதுமாகவே கழிந்தன. கடைசியில் ஒரு பின்னேரம், திரையில் அந்த ஊரின் மங்கல் வெயில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவால் வந்து ஆற்றங்கரை வாங்கில் இருந்தது. சந்தோசம் தாங்காமல் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா கனநேரம் பார்த்தார்.

“நான் அவனிட்டைப் போறன் பிள்ளை,” என்றார்.

அப்போ நான் என்ன செய்வது என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டேன்.

“உனக்கு இஞ்சை ஊரே இருக்கு. அவனுக்கு அந்த மதில்தானே இருக்கு.”

அம்மா சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.