எதிர்த்து நடக்க ஓர் ஆள்

நடப்பதற்கு ஒரு போட்டியா, அதற்கு ஒரு பரிசா என்று பொன்னுத்தங்கத்தைக் கேலி செய்யாத வாய் எம். புதுப்பட்டியில் கிடையாது. அதிலும் முதல் வருடம் இரண்டாம் பரிசு வாங்கி வந்த அன்று, மொத்தம் எத்தனை பேர் நடந்தீக என்று எதிர்வீட்டு மாடத்தி கேட்டுத் தொலைத்தாள். இவளாவது மழுப்பியிருக்கலாம். ரெண்டு பேர் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று தொடங்கிய சிரிப்பு மூன்று வருடமாக ஓயவில்லை.

அவள் நடந்தது கல்லூரிப் போட்டிகளில் வருகிற வேக நடை. பார்க்கக் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. மடங்கினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார், மூன்று அட்டை விழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இடுப்பை ஆட்டி ஆட்டி மைதானத்தை அத்தனை சுற்றுச் சுற்றி முடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை என்று நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாடத்தி நடந்து பார்க்கவில்லை.

பொன்னுத்தங்கத்தின் அப்பா சின்னச்சாமி முன்பு அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு மாறிக்கொண்டார். அவரும் அவள் அம்மாவும் விடிகிற முன்பே கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அவள் வயதுப் பிள்ளைகளும் அதே வேனில்தான் போனார்கள். சிவகாசியில் பஸ் மாறி சாத்தூர்க் கல்லூரிக்குப் போனவள் அந்தத் தெருவில் இவள் ஒருத்திதான். ஆரம்பத்தில் ஜன்னல் வழியாக, "ஏ பொன்னு, டீச்சரம்மா, வாரியா?" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள். கிண்டல் நின்றதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. கல்லூரியிலோ டவுன் பிள்ளைகள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தள்ளி உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதுதான் பேச்சு என்று போன நாட்கள் எத்தனையோ.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் கனகசபாபதி அவளைப் பிடித்தார். போட்டிகளில் கல்லூரிக்கு எப்படியாவது புள்ளி சேர வேண்டும் என்பது அவர் கவலை.

"இந்த மண்டலத்துல நடைக்கு விருதுநகர் காலேஜுப் பிள்ள ஒண்ணுதாம்மா வருது. நீ தூங்கிக்கிட்டே நடந்தாலும் செகண்டு" என்றார்.

இப்படித்தான் அவள் வீராங்கனை ஆனாள்.

முதல் போட்டி விருதுநகரில். நடையை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள். ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரிய மைதானத்தில் இரண்டே பெண்கள் நடந்தார்கள். பொன்னுத்தங்கம் படபடப்பில் முதல் சுற்றிலேயே இழுத்துப் பிடித்து நடந்தாள். பக்கத்தில் வந்த உயரமான பெண் சிரித்தாள்.

"இப்பயே மூச்ச விட்டுராத பிள்ள. இன்னும் எம்புட்டுக் கெடக்கு. உன் பேரென்ன?"

"பொன்னுத்தங்கம்."

"நான் அளகுமீனா. கடைசி ரெண்டு சுத்து வரைக்கும் பேசிக்கிட்டே போவோம். அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

அழகுமீனா மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீட்டுப் பெண். அவள் அப்பா முத்துராமலிங்கம் பெயரைச் சொன்னால் சுற்றுப்பட்டில் தெரியாதவர்கள் இல்லை. சின்னச்சாமி கூலிக்கு நின்றது அந்த மாதிரி வீட்டுக் காடுகளில்தான். ஊர்த் தெருவில் என்றால் இந்த இரண்டு பெண்களும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நடந்திருக்க மாட்டார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைத் தவிர வேறு கோடு யாரும் போட்டு வைக்கவில்லை. பேசினார்கள். அண்ணன் தன் செல்போனைத் தொடவிடாததை அழகுமீனா சொன்னாள். கம்பெனி வேன் பிள்ளைகள் கூப்பிடாமல் போனதை பொன்னுத்தங்கம் சொன்னாள். அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசி இரண்டு சுற்றில் அழகுமீனா சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் போய் முடித்தாள்.

வருடத்துக்கு ஓரிரு தரம்தான் அந்த மாதிரிப் போட்டி வரும். இடைப்பட்ட மாதங்களில் நல்லது கெட்டது எது நடந்தாலும், இதை அழகுவிடம் சொல்ல வேண்டும் என்று பொன்னுத்தங்கம் மனதுக்குள் எடுத்து வைத்துக்கொள்வாள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் நடந்தாள், சந்தேகமே வேண்டாம். கூடவே இன்னொரு ஆசையும் வளர்ந்தது. ஒரே ஒரு தரம் அவளை முந்த வேண்டும். இரண்டு வருடமும் முடியவில்லை. ஓர் எட்டு, அரை எட்டு என்று விட்டுவிட்டாள். மூன்றாவது வருடம்தான் கடைசி வாய்ப்பு.

அந்த இரண்டாயிரத்து ஏழில்தான் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஞானம் பிறந்தது. சாத்தூரில் ஒன்று, விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் ஒன்று என்று பல்கலைக்கழகம் எதற்கு இரண்டு கல்லூரி நடத்த வேண்டும், இரண்டையும் இணைத்து ஒரே கல்லூரி ஆக்கு என்று உத்தரவு போட்டார்கள். பெயர்ப் பலகை மாறியது. விளையாட்டு முழுவதும் விருதுநகருக்குப் போனது. கனகசபாபதியை விடுதிக் காப்பாளர் ஆக்கிவிட்டார்கள். இரண்டு கல்லூரியின் கெட்டிக்காரப் பிள்ளைகளும் ஒரே அணி, இனி நம்மை எவன் ஜெயிப்பான் என்று எல்லோரும் குதித்தார்கள்.

பொன்னுத்தங்கத்துக்கும் தலைகால் புரியவில்லை. இனி அழகுவும் அவளும் ஒரே கல்லூரி. பயிற்சி என்று தினமும் விருதுநகர் போகலாம், தினமும் கூட நடக்கலாம். அந்தச் சந்தோஷம் போட்டிப் பட்டியலை ஒட்டுகிற வரைக்கும் இருந்தது. பட்டியலில் நடையைக் காணோம். விருதுநகரில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த லட்சுமிகாந்தம் மேடத்திடம் போய் நின்றாள்.

"போட்டின்னா ரெண்டு காலேஜாவது வேணும்மா. இந்த மண்டலத்துல நடைக்கு ஆள் அனுப்புனதே நாங்களும் நீங்களுந்தான். இப்ப ஒண்ணாயிட்டோம். வீட்டுக்குள்ளயே பந்தயம் வச்சு வீட்டுக்குள்ளயே பரிசு குடுத்துக்கிறதா? போட்டி இல்லேன்னா பயிற்சியும் கெடையாது."

"வேற காலேஜுல இருந்து ஒரு ஆள் வந்தா வைப்பாகளா மேடம்?"

"வந்தா வைப்பாக. எந்தக் கிறுக்கி வருவா?"

அந்தக் கிறுக்கியைத் தேடிப் புறப்பட்டாள் பொன்னுத்தங்கம். எதிரி இல்லையென்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எதிரி வேண்டும் என்று பஸ் ஏறிப் போய்த் தேடியவள் இவள் ஒருத்திதான். அருப்புக்கோட்டை போனாள், ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். எங்களை எதிர்த்து நடக்க ஒரு பிள்ளை வேணும் என்று இவள் கேட்டதும் அங்கங்கே சிரித்து அனுப்பினார்கள். ஓர் இடத்தில் காவலாளி கேட்டுக்கு வெளியிலேயே பேச்சை முடித்துவிட்டார். பொண்ணு பார்க்கக்கூட இத்தனை படி யாரும் ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் சிவகாசியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பானுப்பிரியா கிடைத்தாள். ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவள். அவள் அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர்.

"நடந்தா கிளாசுக்கு வராம இருக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஆன் டூட்டி போட்டுக் குடுப்பாக."

"அப்ப நான் ரெடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தார்கள். முட்டியை மடக்காமல் நடக்க பானுப்பிரியா ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, ஓட்டத்தில் சோடை போனவள் நடையில் சூராதி சூரியாக இருந்தாள். அவளோடு மல்லுக்கட்டியதில் பொன்னுத்தங்கத்துக்கும் வேகம் கூடியது. இந்தத் தரம் அழகுவை முந்திவிடுவோம் என்று முதல்முறையாக நம்பிக்கை வந்தது. சிவகாசிக் கல்லூரியிலிருந்து பெயர் போனது. நடையைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு கல்லூரி ஒன்றான பிறகு ஒரு கல்லூரிக்குரிய அணிதான், ஒரே வேன்தான். அதனால் எந்தப் போட்டிக்கும் ஒரே ஆள். நடைக்கு, போன வருடம் முதலாவதாக வந்த பிள்ளை போகும்.

"மேடம், அந்தப் போட்டிய வைக்கணும்னு அலைஞ்சதே நாந்தான."

"தெரியும்மா. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? வேன் அம்புட்டுத்தான் குடுத்துருக்காக. ரெக்கார்டு உள்ள பிள்ளைய விட்டுட்டு உன்னைய ஏத்துனா என்னையக் கேள்வி கேப்பாக."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தப்பில்லாத பேச்சு மாதிரி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது வேறெதுவும் இல்லை. பொன்னுத்தங்கம் மைதானத்துக்கு வந்தாள். குழாயடியில் அழகுமீனா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"பொன்னு, தையில எனக்குக் கல்யாணம். பேசி முடிச்சிட்டாக. அதுக்கப்புறம் நான் எங்கிட்டு நடக்க? நீ கேட்டா நான் விட்டுக் குடுத்துருவேன். அதனால கேக்காதடி."

பொன்னுத்தங்கம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை, வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு அழகுமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்காமலே கொடுத்திருக்கலாம் அல்லவா? பானு இவளை ஜெயிக்கட்டும், என் சார்பில் ஜெயிக்கட்டும், அப்போது இவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

அதைப் பார்ப்பதற்காகவே போட்டி நாளன்று தன்னந்தனியாக பஸ் பிடித்து அருப்புக்கோட்டைப் பக்கம் போட்டி நடந்த கல்லூரி மைதானத்துக்குப் போனாள். வழக்கம்போல் நடை கடைசியில்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அழகுமீனாவும் பானுப்பிரியாவும் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது சுற்றில் வளைவில் வரும்போது பார்த்தாள், அழகு ஏதோ சொல்ல பானு சிரித்தாள். பேசிக்கொண்டே வருகிறார்கள். பொன்னுத்தங்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை. போட்டி போனது போகட்டும், அந்தப் பேச்சாவது தனக்கென்று இருக்கிறது என்று நினைத்திருந்தாள். அதுவும் பக்கத்தில் யார் நடந்தாலும் கிடைக்கிற பேச்சுதான் போலிருக்கிறது.

கடைசி இரண்டு சுற்று வந்தது. பேச்சு நின்றது. பானு வேகத்தைக் கூட்டினாள். அழகுமீனாவுக்குப் பயிற்சி போதாது, மூச்சு வாங்கியது. நடுவர்களின் அட்டைகளைக் குறித்து வைக்கிற பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு. கடைசி வளைவில் பானு ஓர் எட்டு முந்தினாள். பொன்னுத்தங்கம் ஆசைப்பட்டது அப்படியே கண்முன்னால் நடந்தது. அழகுமீனாவின் முட்டி லேசாகத் தளரத் தொடங்கியது. அடுத்த நடுவர் பத்தடி தள்ளி நின்று குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளகு, முட்டி! முட்டிய விறைச்சு வையி!"

கத்தியது தான்தான் என்பதே பொன்னுத்தங்கத்துக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. அழகுமீனா திடுக்கிட்டுக் காலை நிமிர்த்தினாள். நடுவரைக் கடந்தாள். கையை வீசிக்கொண்டு நேர்கோட்டில் பானுவைப் பிடித்து, அரை எட்டில் முந்தி முடித்தாள்.

கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவந்து அழகுமீனாவைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரே கூச்சல். இருட்டுவதற்குள் வீட்டில் விட வேண்டும் என்று மேடம் அவசரப்படுத்த, வேன் கிளம்பிவிட்டது. கயிற்றோரம் நின்றவளை அழகுமீனா பார்த்தாளோ இல்லையோ, தெரியாது. பானுப்பிரியா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா, கூட்டிட்டு வந்தது நீங்க. எனக்கு ஒரு சத்தம் குடுத்துருக்கலாம்ல?"

"தோணலையே பானு" என்றாள் பொன்னுத்தங்கம். உண்மையும் அதுதான்.

அதோடு நடை முடிந்தது. மார்கழி போய்த் தை பிறந்தது. தபால்காரர் தெருவுக்குள் வரும்போதெல்லாம் பொன்னுத்தங்கம் வாசலுக்கு வந்தாள். அந்த மாதிரி வீட்டிலிருந்து தங்கள் தெருவுக்குக் கல்யாணப் பத்திரிகை வராது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வந்தாள்.

ஒருநாள் சிவகாசி பஸ் நிலையத்தில் பானுப்பிரியா அவளைக் கண்டு ஓடிவந்தாள். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"அக்கா, அளகு அக்கா கல்யாணப் பத்திரிகை எங்கப்பா பிரஸ்ஸுலதான் அடிச்சாக. அவுக சித்தப்பா வந்து வாங்கையில, கூட நடந்த பிள்ளயோட அப்பாவா நீங்கன்னு கேட்டு எங்களுக்கும் ஒண்ணு வச்சிட்டுப் போனாக. உங்களுக்கு மொதல்லயே வந்துருக்கும்ல? ரெண்டு பேரும் சேந்தே போவோமா?"

பொன்னுத்தங்கம் அந்தப் பத்திரிகையை வாங்கி, மணமகள் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வந்துச்சு பானு. அன்னைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு, நீ போயிட்டு வா" என்றாள்.