ஐஸில் வைத்த சதை

அண்ணனின் கன்னத்திலிருந்து வெட்டியெடுத்த சதையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கண்ணெரிக்கும் ஏதோ ஒரு தண்ணீரை ஊற்றி என் கையில் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. திங்கட்கிழமை காலை சென்னையில் ஒரு லேபில் சேர்க்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நோயாளியோடு வந்தவன்தான் அங்கே ஆள். அன்று சனிக்கிழமை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். போர்க்கிணறு போடும் வண்டி, செங்கல் சூளை, காசிமேட்டு மீன் ஏலம் என்று சுற்றியவன். அண்ணனுக்கு வாய்ப்புண் ஆறவில்லை என்று தெரிந்த பிறகுதான் உத்திரமேரூருக்குத் திரும்பினேன். அவன் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவன். தூக்கம் வராமலிருக்கப் பல வருஷமாகப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியவன். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டான். கரண்ட் வைக்க மட்டும் மாட்டேன் என்றான். புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவனோடு வேலை செய்த ஒருவர் அதை வைத்துக்கொண்டு கஞ்சிகூட விழுங்க முடியாமல் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

“லேபு சீட்டுல மோசம்னு எழுதினா வெச்சிக்கிறேன். இல்லன்னா என்ன வுட்ருங்கோ” என்று டாக்டரிடமே சொல்லியிருந்தான்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் டப்பா கசிந்தது. பக்கத்தில் இருந்தவர் கண்ணைக் கசக்கினார். “இன்னாய்யா, ஆசிட்டா எடுத்துக்கினு வர்ற? எறங்கு மொதல்ல” என்று கண்டக்டர் மாகறலில் இறக்கிவிட்டார். மிச்சமிருந்த தண்ணீரைச் சாலையோரம் கொட்டினேன். சதையைக் கெடாமல் வைக்க மீன் ஏலத்தில் நின்றவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கு வந்ததும் பஜாரில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி டப்பாவில் போட்டேன்.

“இன்னா மீனுப்பா, ஒரே துண்டா கீது?”

“மீனில்லண்ணே.”

அவர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை ஐஸ் மாற்றினேன். நல்ல கோடை. திங்கட்கிழமை லேபில் இருந்த அம்மா மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுல இருந்த மருந்துத் தண்ணி எங்க?”

“கொட்டிட்டேம்மா. ஐஸ் வெச்சிக் கீறேன்.”

“ஐஸா? இது இன்னா வஞ்சிரமா?”

சீட்டு வந்த அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறதா என்று சதையைச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்களாம். அதை வைத்துத்தான் இனி ஆள் எப்படி இருப்பான் என்று ஓரளவு சொல்ல முடியுமாம். அண்ணனின் சதை அழுகிவிட்டது. புற்று என்பது தெரிகிறது, மற்ற எதுவும் தெரியவில்லை. “தெரியாதப்போ மோசம்னு வெச்சிக்கிட்டு கரண்ட் கொடுக்கறதுதான் பத்திரம். அப்புறம் கழுத்துல கட்டியோட வந்தா நான் பொறுப்பில்ல” என்றார்.

அண்ணன் வெளியே பெஞ்சில் கன்னத்தைத் துண்டால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அண்ணி. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

“இன்னா எழுதிக் கீறான்?” என்றான். தையல் போட்ட வாயிலிருந்து பாதிதான் வந்தது.

“ஆழமா போயிருக்குதாம். கரண்ட் வெச்சே ஆவணுமாம்.”

“எவ்ளோ ஆழம்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். அவன் என் விரலைப் பிடித்து அந்த நகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு குனிந்து செருப்பைத் தேடினான்.

கரண்ட் வைக்கும் இடத்துக்குத் தினமும் கூடப் போனேன். இரண்டாவது வாரம் வாய் முழுக்க வெந்துவிட்டது. நாலாவது வாரம் மூக்கு வழியாகக் குழாய். வேண்டாததற்கா இவ்வளவும் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அங்கே வரிசையில் காத்திருப்பவர்கள் அவரவர் சீட்டில் இருப்பதைச் சொல்லிக்கொள்வார்கள். அண்ணனால் பேச முடியாது. யாராவது கேட்டால் சுண்டுவிரலை நீட்டி, கட்டைவிரலால் அந்த நகத்தைத் தொட்டுக் காட்டுவான்.