மீன் பஸ்ஸின் பொட்டு

எவாஞ்சலின் பின்பக்கமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். ஒரகடம் கூட்டுரோட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. வண்டியில் ஸ்டிக்கரை ஒட்டி முடித்ததும், அது கண்ணுக்கு மறைகிற இடம்வரை அதைப் பார்த்தபடியே பின்னால் நகர்வாள். டீக்கடை பெஞ்சில் இடித்துக்கொள்வாள். மாட்டின் மேல் மோதி அதனிடம் மன்னிப்புக் கேட்பாள். "கிட்ட நின்னு பாத்தா எல்லாம் அழகாத்தான் கீது. தள்ளி நின்னாத்தான் அது யோக்கியதை தெரியும்" என்பாள்.

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுவது தொழில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அவள் வெட்டிய முருகன் வேல் ஒருநாளும் கோணியதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று பேச்சு நின்றுவிடும். கத்தி கையிலிருக்கும், ஆள் அங்கிருக்க மாட்டாள். அப்போது கூப்பிட்டுப் பயனில்லை.

அப்படியொரு மயக்கத்தில் பிறந்தவைதான் கம்பெனி பஸ் படங்கள். ஒடிசா, பீகார் பெண்கள் விடியற்காலைப் பனியில் வண்டி மாறி ஏறி, வேறு கம்பெனி வாசலில் இறங்கி அழுவதைப் பார்த்தவள், மீன், குடை, சேவல், யானை என்று வண்டிக்கொன்றாக வெள்ளையில் வெட்டி முன்கண்ணாடியில் ஒட்டினாள். இப்போது எந்த மொழிக்காரியும் 'மீன் பஸ்' என்றுதான் சொல்கிறாள்.

பஸ் விடும் கான்ட்ராக்டர் சுப்பராயனுக்குத்தான் பிடிக்கவில்லை. "பால்வாடி வண்டியாட்டம் கீதும்மா. எல்லாம் சிரிக்கிறாங்க. எடுத்துட்டு நம்பர் மாட்டிடலாம்."

"உலகப் பரிசுக்கு அனுப்பிக்கீறேன் சார்."

"வந்தா இருக்கட்டும். வரலைன்னா நம்பர்தான்."

பல தேசத்து வடிவமைப்பாளர்கள் ஆண்டுதோறும் போட்டியிடும் விருது அது. ஆயுத பூஜையன்று படமெடுத்து அனுப்பியிருந்தாள். அந்த வண்டிகள் ஒழுங்காகக் குளிப்பது அன்றைக்கு மட்டும்தான். அதன்பின் அவளுக்கு ஒரே கனவு. பேர் தெரியாத குளிர் ஊர், வெள்ளைச் சுவர், அதில் அவளுடைய மீன் தனியாக நீந்துகிறது. யாரோ ஒருத்தி அதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கிறாள்.

மெயில் வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தாள். நான்கு படங்களையும் ஒன்றாகக் கட்டுவது ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் சிவப்பு வட்டம்தான், அதை வைத்த கைக்குப் பாராட்டு என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள்.

அவள் வட்டம் எதையும் வெட்டவில்லை. அது மீன் பஸ் டிரைவர் டில்லிபாபு பூஜைக்கு எல்லா வண்டிக்கும் படத்தின் நடுவிலேயே தாராளமாக அப்பிய குங்குமம். வெள்ளிதோறும் அப்பிக்கொண்டுதான் இருக்கிறார். படமெடுத்தபோது அவள் கண்ணில் அது படவே இல்லை. பூஜையன்று பொட்டில்லாத பொருள் ஏது?

வாயை மூடிக்கொண்டால் விருது. திறந்தால் விருதும் போகலாம், மீனும் போகலாம், அந்தப் பெண்கள் மறுபடி பனியில் தடுமாறலாம். அன்று முழுக்க ஓர் எழுத்துகூட நேராக வெட்ட வரவில்லை. சாயங்காலம் டில்லிபாபுவிடம் போனாள்.

"அண்ணா, உன் பொட்டத்தான் மெச்சிகினு கீறாங்க. உன் பேரையும் எழுதப் போறேன்."

"இன்னாம்மா நீ. வண்டிக்கு வெச்சேன். பரிசுக்கா வெச்சேன்?"

"நான் வெக்கலியே."

அங்கேயே நின்று எழுதி அனுப்பினாள். படம் எவாஞ்சலின்; பொட்டு டில்லிபாபு, பூஜைக்கு வைத்தது. பதில் இன்னும் வரவில்லை. சுப்பராயன் நம்பர் பலகைகளை அடித்துத் தயாராக வைத்திருக்கிறார்.

எழுதி அனுப்பிய மறுநாள் விடியலில் மீன் பஸ் வந்து நின்றது. எவாஞ்சலின் அதைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். ஒட்டிய நாளுக்குப் பிறகு அதை அப்படிப் பார்ப்பது இப்போதுதான். வால் மறைந்தது, செதில் மறைந்தது, வெள்ளைப் பனியில் வெள்ளை மீனே மறைந்தது. சிவப்பு மட்டும் நின்றது. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் அதைப் பார்த்து நேராக நடந்துபோய் ஏறிக்கொண்டாள்.

எவாஞ்சலின் திரும்பி வந்தாள். பம்பர் மேல் ஏறி, துப்பட்டா முனையால் கண்ணாடித் தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள், பொட்டின் மேல் விரல் படாமல், சுற்றிச் சுற்றி.