பங்காளிகளுக்கு ஆகாத மாத்திரை

தேநீரைக் கையில் கொடுத்தால் அழகமுத்து உடனே குடித்துவிட மாட்டார். சட்டைக்குள் கைவிட்டு, கறுப்புக் கயிற்றில் தொங்கும் அட்டையை வெளியே எடுத்து, கொடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். "இதுல எழுதியிருக்கிறது அதுல கலக்கலையே?" இல்லை என்று பதில் வந்த பிறகுதான் வாய் வைப்பார். கோயிலில் தீர்த்தம் கொடுத்தாலும் இதே விசாரணைதான். பூசாரிக்குப் பழகிவிட்டது. மணியடித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார்.

குருவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு கன்னத்தில் நரம்பு வலி என்று டவுனில் மாத்திரை வாங்கிப் பன்னிரண்டு நாள் விழுங்கினார். பதின்மூன்றாம் நாள் உடம்பு சிவந்து, வாய் வெந்து, தோல் கழன்று வர ஆரம்பித்தது. முப்பத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்ததே பெரிய காரியம். அவர் அதைச் சொல்லும் அழகே வேறு. "றம்புட்டான் உரிக்கிற மாதிரி உரிஞ்சிட்டேன் மாஸ்டர். உள்ள பழம் மட்டுந்தான் மிச்சம்."

அந்த மாத்திரையின் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். 'அந்தப் பாவி' என்பார். பெயர் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை லெமினேட் செய்து கொடுத்தவன், தோட்டத்துப் பாடசாலை ஆசிரியனாகிய நான்தான். அதற்குரிய தண்டனையாக, கிளினிக் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒருமுறை சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்ட சிப்பாயிடம் இதை நீட்டிவிட்டார். சிப்பாய் தொற்றுநோய் என்று நினைத்து இரண்டடி பின்னால் போய், முழு பஸ்ஸையும் போகச் சொல்லிவிட்டான். அன்று பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர ஆசனம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது, இது பிறப்பிலேயே இரத்தத்தில் உள்ள குணம், இரத்த உறவுகளுக்கும் இருக்கலாம், சொல்லி வையுங்கள் என்றிருக்கிறார்கள். அழகமுத்துவுக்கு இரத்தம் என்றால் பங்காளி. சாவு விழுந்தால் யாருக்கெல்லாம் தீட்டோ அவர்களுக்குத்தான் இரத்தம். ஆகவே இழவுச் செய்தி சொல்லப் போகிறவரைப் போலவே, தோளில் துண்டோடு பத்தொன்பது பங்காளி வீடுகளுக்கும் நடந்தார். வாசலில் அவர் நின்ற தோரணையைப் பார்த்து மூன்று வீடுகளில் பெண்கள் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். தத்து வந்த பங்காளி ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சொன்னார். தீட்டுக் காக்கிறாரே, இரத்தம் இல்லாமலா போய்விடும் என்பது அவர் நியாயம்.

இந்தத் தைப்பொங்கலுக்கு மறுவாரம் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டொக்டர் தர்மிளாவிடம் இந்தப் பட்டியலைப் பெருமையாக ஒப்புவித்தார். கூடப் பிறந்தவர்கள் இல்லையா என்று டொக்டர் கேட்டார்.

"இருளாயின்னு ஒரு அக்கா இருக்குங்க. கலவானையில கட்டிக் குடுத்து முப்பது வருசமாச்சி. அது வேற வீடு, வேற குலசாமி."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தாலி கட்டினா இரத்தம் மாறாது ஐயா. பங்காளிகளை விட அக்காவுக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். அவங்க பிள்ளைகளுக்கும் இது போகலாம்."

அழகமுத்துவின் முகம் வெளுத்தது. "மிச்சம் கெடந்த பதினேழு மாத்திரைய தீவாளிக்கு அக்காகிட்ட குடுத்துட்டேனே. ஒத்தத் தலைவலின்னு சொல்லிச்சி. பங்காளிக்குத்தானே ஆகாது, வீணாப் போகுதேன்னு..."

அக்கா வீட்டுப் பக்கம் போன் வேலை செய்யாது. அடுத்த கலவானை பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டரிடம் அட்டையைக் காட்டி, தனக்கு மயக்கம் வந்தால் எந்த மாத்திரை ஆகாது என்று விளக்குவது அவர் வழக்கம். அன்று அட்டை சட்டைக்குள்ளேயே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இன்னும் பயந்தேன். ஒரு மனிதரை உரித்துப் போட்ட மாத்திரை, ஒரு கிழவியை என்ன செய்திருக்கும்?

லயத்து வீட்டு வாசலில் கொச்சிக்காய் காயவைத்துக்கொண்டிருந்த இருளாயி, துண்டும் தம்பியுமாக வருவதைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு யார் போனது என்று ஓலமிட்டார்.

"நீ போயிட்டியான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார் அழகமுத்து. "அந்த மாத்திரைய முழுங்கினியா?"

இருளாயி தம்பியை முறைத்துவிட்டு உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறந்து, கூறைச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து தம்பியின் கையில் போட்டார்.

"மூணு வருசமா பொங்கலுக்கு ஒரு சீல கெடையாது. அதிசயமா என்னமோ கொண்டாந்தியேன்னு, பொறந்த வீட்டு சீரா நெனச்சி பொட்டியில வச்சேன். சீர முழுங்குவாங்களா?"

பதினேழும் இருந்தன. அழகமுத்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அக்காவின் கழுத்தில் மாட்டினார். இது என்ன மாடு கட்டுற கயிறா என்று இருளாயி கேட்டார். ஆனால் கழற்றவில்லை.

இருளாயியின் மகள் மல்லிகா தேநீர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிய அழகமுத்து வழக்கம்போலச் சட்டைக்குள் கைவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. சற்று யோசித்தார். பிறகு பக்கத்திலிருந்த அக்காவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, அக்காவையும் சேர்த்து இழுத்து, அட்டையை மல்லிகாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.