தரையில் வைத்த கேமரா

ஸ்டுடியோவுக்கு இன்சூரன்ஸ் போட வைத்த ஏஜெண்ட் என்னைவிடச் சின்னவர். படியிறங்கும்போது திரும்பி ஒன்று சொன்னார்.

"அண்ணே, வெள்ளம் வந்தா நஷ்டஈடு உண்டு. ஆனா சாமான் எதுவும் தரையில இருக்கக் கூடாது. பலகை மேலயோ மேசை மேலயோ இருக்கணும். தரையில கெடந்து நனைஞ்சா ஒண்ணும் கெடைக்காது, பாத்துக்குங்க."

"என் கேமரா தரையைத் தொட்டு எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா தம்பி?" என்று சிரித்தேன்.

ஆயுத பூஜை அப்போது இருவர் நினைவிலும் இல்லை.

திருக்கடையூருக்குப் போகும் சாலையில், பின்பக்கம் வாய்க்கால் ஓடும் வாடகைக் கட்டடம். கீழே ஸ்டுடியோ, மேலே நான். மனைவி இறந்த பிறகு மாடியில் கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டு. பகலெல்லாம் அறுபதாம் கல்யாணத் தம்பதிகளைப் படமெடுப்பேன். "அம்மா, இன்னும் கொஞ்சம் கிட்ட, ஐயா தோள் ஒட்டி" என்று சேர்த்து நிற்க வைப்பேன். மாலையில் கடையைப் பூட்டினால் பேச்சும் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு வேலையும் இருந்தது. அந்த வருஷங்களில் நிலத்தகராறு ஓயவே இல்லை. உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்கினார்கள். அந்த மேடைகளில் நானும் கவிதை வாசித்து, கைத்தட்டல் வாங்கி, கடைசி பஸ்ஸில் தனியாகத் திரும்பியவன்தான். வயலில் பேச்சு வேறு. பண்ணை, குத்தகைக்காரரை வெளியேறச் சொல்லும். சாகுபடி தன்னுடையதுதான் என்று அதிகாரியிடம் காட்ட அவருக்கு ஒரு படம் வேண்டும். "நெலமும் தெரியணும், நானும் தெரியணும் சார்" என்பார்கள். சிலர் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் வந்து நிற்பார்கள். நான் எடுக்கமாட்டேன். "போயி சேத்தோட வந்து நில்லுங்க. அந்தச் சேறுதான் உங்க சாட்சி."

அந்த ஆண்டு பூஜைக்கும் வழக்கம்போலத் தரையைக் கழுவிக் கோலம் போட்டேன். கறுப்புச் சட்டைக்கார வாத்தியார்களிடம் படித்தவன், சாமி படம் வைப்பதில்லை. கருவிக்கு மட்டும் பொட்டு. வாழையிலை விரித்து அதன்மேல் கேமரா, ஃப்ளாஷ், லென்ஸ்கள். சந்தனம், குங்குமம், பொரி. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. சாமியை விட்டவனுக்கும் இது விடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் பிள்ளைகள் பொரிக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த பொரிப் பொட்டலங்களை மேசையில் அடுக்கிவிட்டு மாடிக்குப் போனேன்.

மழை பிடித்தது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் எடுத்து மேலே வைக்கலாம் என்று தோன்றியது. தொடக்கூடாதே என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் தூங்கிப்போனேன். விடிந்து கதவைத் திறந்தபோது வாய்க்கால் உடைந்து, ஸ்டுடியோவில் முழங்கால் தண்ணீர். மேசைமேல் பொரி நனையாமல் இருந்தது. கேமரா தண்ணீருக்கடியில், வைத்த இடத்திலேயே.

தண்ணீர் வடிந்ததும் ஏஜெண்ட் ஓடி வந்தார். நஷ்டத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். சொந்தக்காரரும் படத்தில் இருக்க வேண்டுமாம். என்னிடம் இருந்த ஒரே கேமராதான் படத்தில் இருக்க வேண்டிய கேமரா. எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவருடையதும் ஸ்டுடியோதான். இருவரும் ஒரே கல்யாணங்களுக்கு விலை பேசுகிறவர்கள், அதற்குமேல் பேசிக்கொள்ளாதவர்கள்.

கேமராவைக் கையில் எடுத்தேன். வண்டல் வடிந்தது. ஆனால் தோலுறையின் மடிப்பில் சந்தனமும் குங்குமமும் கலந்து அப்படியே ஒட்டியிருந்தது.

ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தினார். "தொடைச்சுடுங்கண்ணே. மேசை மேல இருந்துச்சு, வெள்ளம் தள்ளிருச்சுன்னு சொல்லிக்கலாம். தை பொறந்தா முகூர்த்தம். கேமரா இல்லாம என்ன பண்ணுவீங்க?"

துண்டை எடுத்தேன். சலவை வேட்டியோடு நான் திருப்பி அனுப்பியவர்கள் என் கண்முன் வரப்பில் வரிசையாக நின்றார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அப்படியே எடுங்க" என்றேன்.

எதிர்க்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் சிரிங்க அண்ணே" என்றார், தொழில் பழக்கத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேணாம் வேணாம், சிரிச்சா பணம் தரமாட்டான்."

தஞ்சாவூரிலிருந்து வந்த இன்சூரன்ஸ் அதிகாரி படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு இருக்கே. பூஜையில வெச்சதுங்களா?"

"ஆமாங்க."

"தரையிலயா?"

"தரையிலதாங்க."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல டைப்ரைட்டருக்கும் பொட்டு வெச்சோம். தூக்க முடியாம மேசையிலயே விட்டுட்டோம்."

மேசை, அலமாரி, சுவருக்கு மட்டும் நஷ்டஈடு வந்தது. கேமராவுக்கு இல்லை. படத்தின் ஒரு பிரதியை எதிர்க்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி இறந்த பிறகு என்னை ஒருவர் எடுத்த முதல் படம் அது. பக்கத்தில் யாரோ நிற்க இடம் விட்டதுபோல், ஓர் ஓரமாக நிற்கிறேன். எத்தனையோ பேரை ஒட்டி நிற்கச் சொன்னவன்.

"என்கிட்ட பழசு ஒண்ணு சும்மா கெடக்கு" என்றார், போகாமல் நின்று. "தை முடியற வரைக்கும் வெச்சுக்குங்க. வேற ஆளுக்குத் தராதீங்க, அவ்வளவுதான்."

தை முதல் முகூர்த்தத்தில், திருக்கடையூர் மண்டபத்தில், அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். எதிரே மாலையும் கழுத்துமாக ஒரு தம்பதி. ஒட்டி நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்களே ஒட்டித்தான் நின்றார்கள். கேமராவின் ஓரத்தில், விரல் படும் இடத்தில், இன்னொருவர் வைத்த சந்தனம் உலர்ந்து சொரசொரத்தது.